பழைய லேப்டாப்பை எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவ்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டரோ லேப்டாப்போ தூங்கிக் கொண்டிருக்கிறதா? "ஆன் செய்தால் திரை வருவதற்குள் காபி குடித்துவிடலாம்" என்றோ, "இதில் புது விண்டோஸ் ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்றோ அதை ஓரம் கட்டியிருப்பீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை அதில் பதிந்து, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பிடித்திருந்தால் பிறகு இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் ஷட்டவுன் செய்து பென் டிரைவை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பழையபடியே இருக்கும்.

லினக்ஸ் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "உடனே இன்ஸ்டால் செய்யுங்கள்" என்றே தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் பழகுபவருக்கு முதல் பாடம் லைவ் பென் டிரைவாகத்தான் இருக்க வேண்டும். இன்ஸ்டால் என்பது கடைசிப் பாடம்.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு தந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு 4 ஜிபி மெமரி, 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, ஓரளவு புதிய பிராசசர் ஆகியவை வேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பல கம்ப்யூட்டர்கள் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கும். ஆனாலும் அது "பழசு" ஆகிவிடும்.

இது நமக்குப் புதிதல்ல. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அப்போது தமிழக அரசு, எக்ஸ்பி ஓடிய அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பாஸ் லினக்ஸ் போட்டுக்கொள்ளும்படி தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டு வரும் இந்திய லினக்ஸ்தான் பாஸ். அரசு அலுவலகத்துக்குச் சொன்ன அதே வழியை வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் யோசிக்கலாம் அல்லவா?

கூரத்தில் கண்டது

எங்கள் கூரம் காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். பல்லவர் காலத்துச் செப்பேட்டினாலும் கூரத்தாழ்வானாலும் பெயர் பெற்றது. பட்டுத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. இங்கே வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது கடைகளால் அல்ல. அரசின் இலவச லேப்டாப் திட்டத்தால்தான். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழகம் முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர்களுக்குக் கிடைத்தன. தொடக்க ஆண்டுகளில் தந்தவற்றில் மெமரி 2 ஜிபி. அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தவுடன் எது வேண்டும் என்று திரை கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸ் வரியிலேயே என்டர் தட்டினார்கள். இன்னொரு வரி எதற்கு என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. லினக்ஸ் வீட்டுக்குள் வந்தும் அறிமுகம் ஆகாமலே போனது இப்படித்தான்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர் வீடு. மூத்த பெண் பிளஸ் டூவில் வாங்கிய லேப்டாப். இப்போது தம்பி கல்லூரி சேர்ந்திருக்கிறான். "இதைத் திறந்தே மூணு வருஷம் ஆச்சு சார். கடையில கேட்டா, பார்மட் பண்ணிட்டு வேற போடணும், உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்னாங்க" என்றார் அப்பா. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? பெண்ணின் பிராஜெக்ட், குடும்பப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், அவர் நெய்த சேலைகளின் முந்தி, கரை போட்டோக்கள் சில நூறு. நெசவாளருக்கு அந்தப் போட்டோக்கள் வெறும் படங்கள் அல்ல. அடுத்த ஆர்டர் பேசும்போது எடுத்துக் காட்டவேண்டிய சரக்கு அவை.

விண்டோஸ் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. லைவ் பென் டிரைவைச் செருகி இயக்கினேன். இரண்டு நிமிடத்தில் திரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் எல்லா போல்டர்களும் அப்படியே இருந்தன. இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தேன். அதன் பிறகுதான் இன்ஸ்டால் பற்றிப் பேசினோம். "பார்மட் செய்" என்பதை முதல் வைத்தியமாகச் சொல்பவர்களை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை முதலில் காப்பாற்ற வேண்டும்; ஆபரேட்டிங் சிஸ்டம் பிறகு.

லைவ் என்றால் என்ன?

தறிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியின் மேல் துளை போட்ட அட்டைகள் சரமாகத் தொங்கும். சேலையின் புட்டாவும் கரையும் அந்த அட்டைகளில் இருக்கிறது, தறியில் இல்லை. அதே அமைப்புள்ள வேறு தறியில் சரத்தை மாட்டினால் அங்கும் அதே டிசைன் வரும். 1804-இல் பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு கொண்டுவந்த முறை இது. லைவ் பென் டிரைவும் அப்படித்தான். ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதும் பென் டிரைவில் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அங்கே அது ஓடும்.

உள்ளே நடப்பது இதுதான். லினக்ஸின் பைல்கள் எல்லாம் நன்றாகச் சுருக்கப்பட்டு, ஸ்குவாஷ் எஃப்எஸ் என்னும் வகையில் ஒரே பெரிய பைலாக இருக்கும். அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. நீங்கள் செய்யும் மாற்றங்கள் மெமரியில் அதன் மேல் ஓர் அடுக்காக நிற்கும். ஷட்டவுன் செய்தால் மேலடுக்கு மறைந்துவிடும். அடுத்த முறை புதிதாகத் தொடங்கும். ஆகவே எதையாவது கிளிக் செய்து கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலை நீங்களே அழித்தால் அது அழிந்ததுதான். "இன்ஸ்டால்" என்ற ஐகானையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

இந்த முறையைப் பிரபலமாக்கியது 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ். சுமார் 2 ஜிபி அளவுள்ள மென்பொருட்களைச் சுருக்கி 700 எம்பி சிடிக்குள் அடக்கினார். 2003-இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் பப்பி லினக்ஸைத் தந்தார். அது தன்னை முழுவதும் மெமரியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் வேகம் அதிகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் மெமரி எவ்வளவு, பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். விண்டோஸ் ஓடினால் செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் பகுதியில் தெரியும்.

மெமரி 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு என்றால் பப்பி அல்லது ஆண்டிஎக்ஸ். 2 ஜிபி என்றால் ஆண்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு. 4 ஜிபி இருந்தால் லுபுண்டு, எம்எக்ஸ், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என எதையும் முயலலாம்.

32 பிட் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். லுபுண்டு 18.10-ஓடு 32 பிட்டை விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலர் இல்லை. 2023-இல் வந்த ஆண்டிஎக்ஸ் 23, 32 பிட்டிலும் கிடைத்தது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, தாமதிக்க வேண்டாம்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் எடை குறைவாக இருந்தாலும் இன்றைய வெப்சைட்டுகள் அப்படி இல்லை. ஒரு காலத்தில் 50 எம்பிக்குள் முழு லினக்ஸும் தருவேன் என்று சபதம் செய்த டேம் ஸ்மால் லினக்ஸ், 2024-இல் மீண்டும் வந்தபோது தன் எல்லையை 700 எம்பி என்று மாற்றிக்கொண்டது. இன்றைய பிரவுசர்களை 50 எம்பியில் அடைக்க முடியாது என்பதே காரணம். ஆகவே 1 ஜிபி மெமரியில் கடிதம் எழுதலாம், பாட்டுக் கேட்கலாம், பிடிஎஃப் படிக்கலாம். பிரவுசரில் ஐந்தாறு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். முடிந்தால் மெமரியை 4 ஜிபி ஆக்குங்கள். புது லேப்டாப் விலையில் அது மிகச் சிறு பங்குதான்.

தயாரிக்கும் முறை

1. பென் டிரைவ் வாங்கும்போது தெரிந்த கடையில் வாங்கவும். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் உண்மை அளவைச் சோதிக்கலாம். இந்தச் சோதனையைக் காலி பென் டிரைவில் செய்யவும்.

2. லினக்ஸின் ஐஎஸ்ஓ பைலை அதன் சொந்த வெப்சைட்டிலிருந்தே டவுன்லோட் செய்யவும். அளவு பெரும்பாலும் 1 ஜிபி முதல் 3 ஜிபி வரை இருக்கும். இணையம் மெதுவாக இருந்தால் டாரன்ட் வழி எடுப்பது நல்லது. பாதியில் நின்றாலும் தொடரும்.

3. அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை தந்திருப்பார்கள். டவுன்லோட் சரியாக வந்ததா என்று பார்க்கும் கைரேகை அது. ரூஃபஸ் மென்பொருளிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டும் பட்டன் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மேலே செல்லவும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பிறகு "லினக்ஸ் சரியில்லை" என்கிறார்கள்.

4. விண்டோஸில் ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் பதியவும். பைலை வெறுமனே காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. பென் டிரைவில் இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்பே வேறிடத்தில் எடுத்து வைக்கவும். சரியான டிரைவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று இரண்டு முறை பார்க்கவும். மூன்று நான்கு லினக்ஸ்களை ஒரே பென் டிரைவில் வைக்க விரும்பினால் வென்டாய் வசதியானது. அதை ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு ஐஎஸ்ஓக்களைக் காப்பி செய்து போட்டாலே போதும்.

5. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டவும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9 அல்லது எஸ்கேப். ஆசஸில் எஃப்8 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். சில சிறிய லினக்ஸ்கள் பூட் ஆக செக்யூர் பூட்டை நிறுத்த வேண்டியிருக்கும். உங்கள் விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதை நிறுத்தியதும் மீட்புக் கீயைக் கேட்கலாம். முன்பே அந்தக் கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால் அது முழுமையாக மூடாது. அப்போது லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க மட்டுமே முடியும். ரீஸ்டார்ட் கொடுத்து, உடனே பூட் மெனுவுக்குப் போனால் இந்தச் சிக்கல் இராது.

தமிழும் சேமிப்பும்

எடை குறைந்த லினக்ஸ்களில் சிலவற்றில் தமிழ்த் தளங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். லினக்ஸுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்த எழுத்துருவை விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு ஐபஸ் மென்பொருளில் தமிழ்99 கீபோர்டு கிடைக்கும்.

ஆனால் லைவில் சேர்த்தது ஷட்டவுன் செய்தால் போய்விடுமே? அதற்குத்தான் நிலைச் சேமிப்பு வசதி இருக்கிறது. பப்பி, முதல் முறை மூடும்போதே "சேமிக்கட்டுமா?" என்று கேட்கும். லுபுண்டுவுக்கு ரூஃபஸில் பதியும்போதே சேமிப்புக்கு எவ்வளவு இடம் என்று குறிக்கலாம். ஆண்டிஎக்ஸ், எம்எக்ஸ் இரண்டிலும் லைவ் யுஎஸ்பி மேக்கர் உள்ளேயே இருக்கிறது. முதல் பென் டிரைவில் இயக்கி, அதைக் கொண்டு இரண்டாவது பென் டிரைவைச் சேமிப்பு வசதியோடு செய்துகொள்ளலாம். பென் டிரைவ் தொடர்ந்து எழுதி அழிக்கத் தேயக்கூடியது. முக்கிய பைல்களுக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

நாமே ஓர் இமேஜ் செய்யலாம்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்எக்ஸ், ஆண்டிஎக்ஸ் லினக்ஸ்களில் ஸ்னாப்ஷாட் என்றொரு கருவி உண்டு. தமிழ் எழுத்துரு, கீபோர்டு, லிப்ரே ஆபீஸ், கணித மென்பொருள், வீட்டுப் பிரிண்டர் என நமக்கு வேண்டியபடி அமைத்துவிட்டு ஸ்னாப்ஷாட்டை இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தையே ஓர் ஐஎஸ்ஓவாக்கித் தந்துவிடும். ஊருக்கு ஒருவர் இப்படி ஒரு தமிழ் இமேஜ் செய்தால் போதும். தெரு முழுவதும் பயன்படுத்தலாம்.

அது இரண்டு வழிகள் கேட்கும்: கணக்குகளை அப்படியே வைப்பதா, நீக்கிவிடுவதா? உங்கள் சொந்தப் பேக்கப்புக்கு முதல் வழி. பிறருக்குத் தருவதானால் கட்டாயம் இரண்டாவது வழி. இல்லையென்றால் பிரவுசரில் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஊரைச் சுற்றி வரும். வேறொருவர் செய்து தரும் இமேஜை வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். முகம் தெரியாதவர் செய்த லைவ் பென் டிரைவில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள். நீங்களே கையால் செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

யாருக்கு இது ஒத்து வராது?

டாலியை நம்பிக் கணக்கு எழுதுபவர், விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட ஜக்கார்டு டிசைன் மென்பொருளில் வேலை செய்பவர், பெரிய கேம்கள் ஆடுபவர் ஆகியோர் விண்டோஸிலேயே இருக்கட்டும். சில வைஃபை கார்டுகளும் பழைய பிரிண்டர்களும் லினக்ஸில் அடம் பிடிக்கும். ஆனால் இதைக் கண்டுபிடிக்கவும் லைவ் பென் டிரைவே வழி. ஒரு மாதம் அதிலேயே ஓட்டுங்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்ட் விழுகிறதா, பையனின் பாட வீடியோ ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். நான்கும் சரி என்றால் பைல்களைக் காப்பி எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யுங்கள். பென் டிரைவைவிட அது வேகமாகவும் ஓடும்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறார்கள். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் குழு எங்கள் மாவட்டத்திலேயே தமிழில் இந்த விஷயங்களைப் பேசி வருகிறது. 2012-இல் தொடங்கிய கணியம் இணைய இதழில் லினக்ஸ் பற்றித் தமிழில் ஏராளமான கட்டுரைகள் உள்ளன.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. லேப்டாப் கொடுத்த அரசு லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. அதைத் திறந்து காட்டத்தான் ஆள் இல்லாமல் போனது. கம்ப்யூட்டர் ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பு நேரத்தில் ஒரு லைவ் பென் டிரைவைச் செய்து காட்டினால் போதும். மாணவர்கள் மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். புது லேப்டாப் வாங்க வசதியில்லாத வீட்டில், அக்காவின் பழைய லேப்டாப் தம்பியின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அதை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள்!